தலையணை வைத்தும் வைக்காமலும்

அத்தியாயம் ஒன்பது

மெத்தைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். இன்றைக்கு ஒரு பஸ் டிரைவர். 'சும்மா படுத்துப் பார்க்கிறேன்' என்று ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தவர், மெத்தை எப்படி இருக்கிறது என்று சொல்லாமலே குறட்டைக்குப் போய்விட்டார். அவர் மனைவிக்குக் கூச்சமாக இருந்தது.

"எழுப்பிடட்டுமாங்க?"

"ஐயோ, வேண்டாம்மா. தூங்கறவங்களை எழுப்பினா கடைக்கு ஆகாது" என்றார் கடைக்காரர்.

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அவராகவே இட்டுக்கட்டியது. ஆனால் அவர் சொன்னால் யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றாது. ஏனென்றால் அவரும் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. மெத்தை கல்லாட்டம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஆமாம் என்பார். அதே மெத்தையை இன்னொருவர் பஞ்சாகப் பஞ்சு என்று புகழ்ந்தால், அதற்கும் ஆமாம். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக இறங்கியிருந்தது. அதில் பஞ்சுத் துணுக்குகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. பின்கட்டில் அம்மாவின், அதாவது கடைக்காரர் மனைவியின், தையல் மெஷின் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடியும் ஓடும். அந்தக் கடைக்குள் வருகிறவர்களுக்குக் கால் நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும்.

போன அத்தியாயத்தில் நாம் இங்கிருந்து கிளம்பும்போது, மாடிப்படியில் அக்காவும் தம்பியும் மல்லுக்கு நின்றது நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அந்த வீட்டில் அதே சண்டை மறுபடியும் வரும். விஷயம் இதுதான். கடைக்காரருக்கு ரத்த அழுத்தம். இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கடை வைத்து, வருகிறவர்களுக்குக் கண் பார்த்துக் கொடுக்கிற பெரியவள், அப்பாவைத் தன் தெரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரு மாத்திரை எழுதினார். லிஃப்ட் மெக்கானிக்கான தம்பிக்கு அது பொறுக்கவில்லை. "பக்கத்துல இருக்காருங்கறதுக்காக அவர்கிட்டயே போயிடறதா?" என்று அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கேயும் ஒரு மாத்திரை எழுதினார்கள்.

அதோடு விட்டார்களா? பெரியவள் உப்பை நிறுத்தச் சொன்னாள். ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தாளாம். (நம் பத்திரிகையாக இருக்காது என்று நம்புவோம்.) தம்பி ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு மதியம் வரை பட்டினி கிடக்கச் சொன்னான். "மெஷின் மக்கர் பண்ணினா முழுசா ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணணும்ப்பா. உடம்பும் மெஷின்தானே?" என்பது அவன் வாதம். படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வை என்றாள் அக்கா. ஒன்றுகூட வைக்கக் கூடாது என்றான் தம்பி.

அப்பா இரண்டு பேருக்கும் சரி என்றார். காலையில் அக்கா மாத்திரை, இரவில் தம்பி மாத்திரை. பாதித் தூக்கம் வரை தலையணை இல்லாமல் கிடப்பார். நடுவில் விழிப்பு வந்ததும் இரண்டை எடுத்துத் தலைக்கு வைத்துக்கொள்வார். ஊருக்கே தலையணை விற்கிற மனிதருக்குத் தன் தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

நாளை விடிந்ததும் பின்பக்கம் திறந்த வேனில் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு மலைமேல் புதிதாகத் திறக்கிற விடுதிக்கு அவர்தான் ஓட்டிப் போக வேண்டும். பக்கத்தில் அம்மா. வழியெல்லாம் வளைவு.

அதனால்தான், பஸ் டிரைவரின் மனைவிக்கு மேல் தட்டிலிருந்து ஒரு தலையணையை எடுக்கக் கையை உயர்த்திய அப்பா அப்படியே நின்றபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவள் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினாள். அவர் மறு கையால் தட்டை இறுகப் பிடித்திருந்தார். கண்கள் பாதி மூடியிருந்தன. முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு.

"அப்பா! என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. மிதக்கற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எத்தனை நாளா மிதக்கறீங்க?"

"கொஞ்ச நாளா. பொருளெல்லாம் தள்ளிப் போய்ப் பக்கத்துல வருது. கண்ணுல கோளாறா இருக்கும். நீதான் கண்ணு பார்க்கறவளாச்சே, ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்துடு."

பின்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். தைத்த தலையணை உறை ஒன்று கையில் தொங்கியது.

"கூட்டிட்டுப் போய்ப் பாரு. நான் கடையைப் பார்த்துக்கறேன்."

பெரியவளின் கண் அந்த உறையின் மேல் விழுந்தது. ஓரத் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. அம்மாவின் தையல் என்றால் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

"உனக்கும் கண்ணாடி மாத்தணும் போலிருக்கே! அடுத்த வாரம் வா."

"வரேன், வரேன்" என்று அம்மா கதவு நிலையைப் பிடித்தபடியே உள்ளே திரும்பினாள்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. தூரத்துச் சுவரில் எழுத்துகள் மட்டும் ஒளிரும். மேலே பெரிது, கீழே போகப் போகச் சிறிது. அப்பாவின் மூக்கில் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகினாள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அவர் அசையாமல் இருந்தார்.

"இது தெளிவா இருக்கா?" சில்லை மாற்றினாள். "இல்ல, இதுவா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லணும்ப்பா."

"அப்ப ரெண்டாவது."

கண் பார்ப்பவர்களிடம் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. எதிரே இருப்பவர் பார்த்துச் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால், செருகியிருக்கிற சில்லையே வெளியே எடுத்து, கொஞ்சம் சத்தம் வரும்படி மறுபடி செருகுவார்கள். பெரியவள் அதைச் செய்தாள்.

"இப்ப?"

"ஆஹா! இது பிரமாதம். இதையே போட்டுடு."

அவள் அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அது அதே கண்ணாடிதான்."

அவர் மூக்கிலிருந்த சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியா? நீ மாத்திப் போட்டியா, மெனக்கெட்டுச் செய்யறாளே புள்ளன்னு..."

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அதை அவள் முன்பே பார்த்துவிட்டாள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அவளுக்கு இதுவரை தோன்றாத கேள்விகள் அந்த இருட்டில் வரிசையாக எழுந்தன. விளக்கைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் வந்தால் அப்பா மறுபடியும் கடைக்காரராகிவிடுவார்.

"என் டாக்டர் மாத்திரை எப்படி இருக்குன்னு நான் கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"நல்லாக் கேக்குதுன்னு சொன்னேன்."

"தம்பி அவனோடதைக் கேட்டப்ப?"

"அதுவும் நல்லாக் கேக்குதுன்னு சொன்னேன்."

"நிஜமா எது கேக்குது?"

"அது எப்படிம்மா எனக்குத் தெரியும்? ரெண்டும் உள்ளதானே போகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"பெரிய ஆஸ்பத்திரியில கேட்டிருப்பாங்களே, ஏற்கெனவே ஏதாவது மருந்து சாப்பிடறீங்களான்னு?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன்."

"ஏம்ப்பா?"

அவர், யாருக்கும் தெரிந்த விஷயத்தை விளக்குகிறவர் போலப் பொறுமையாகச் சொன்னார்.

"ஒருத்தர் கடையில போய் நின்னுக்கிட்டு, இன்னொரு கடையில வாங்கினதைச் சொல்லலாமாம்மா? அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்!"

பெரியவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. எந்த டாக்டர் ஒசத்தி, எந்த மருந்து ஒசத்தி என்று வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது. இரண்டு பேரும் சாட்சிக்கு அழைத்தது அப்பாவை. அப்பாவோ வருகிற வாடிக்கையாளர் ஒருவரும் முகம் வாடிப் போகக் கூடாது என்று பார்த்திருக்கிறார். அவளும் அவருக்கு ஒரு வாடிக்கையாளராகத்தான் இருந்திருக்கிறாள். அது அவளுக்கு வலித்தது.

"மிதக்குதுன்னு தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா உன் மாத்திரையைத்தான் திட்டுவான். உன்கிட்ட சொன்னா அவனைத் திட்டுவே. எதுக்குன்னுதான்..."

அவள் எழுந்து அவர் மூக்கிலிருந்த சட்டத்தை மெதுவாகக் கழற்றினாள். சட்டம் அழுத்தித் தடம் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது அப்பாவின் கையை அவள் விடவில்லை. சாயங்கால வெயிலில் தெரு முழுக்கத் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. அப்பா பூனை நடை நடந்தார். நடைபாதை எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு தடவையும் காலால் தேடிப் பார்த்துத்தான் இறங்கினார்.

கடை வாசலில் தம்பி வேனில் மெத்தைகளை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். பஸ் டிரைவரும் மனைவியும் மெத்தையோடு போய்விட்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் இப்போது அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யாரும் இப்போதும் பார்க்கவில்லை.

"நாளைக்கு அப்பா வண்டி ஓட்டக் கூடாது" என்றாள் பெரியவள். மூன்று வாரத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

தம்பி முடிச்சை இறுக்கினான். "ஏன்? உன் டாக்டர் மாத்திரை தலையைச் சுத்த வைக்குதா? நான் அப்பவே சொன்னேன்."

"உன் பட்டினிதான் சுத்த வைக்குது."

"நாலு லட்சம் பேர் பார்த்த வீடியோக்கா அது!"

"பார்த்தவங்க நாலு லட்சம். செஞ்சவங்க எத்தனை பேரு? செஞ்சுட்டு நல்லா இருக்கறவங்க எத்தனை பேரு? அதுல சொல்றவன் என்ன விக்கறான்?"

"ஒரு டப்பாப் பவுடர்" என்று தம்பி முணுமுணுத்தான். உடனே சுதாரித்துக்கொண்டான். "உன் பத்திரிகைக்காரன் மட்டும் அப்பாவுக்கு நாடி பிடிச்சுப் பார்த்துட்டா எழுதினான்?"

நியாயமாகக் கேட்டான் என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "இந்த வீட்டுல குப்பைக்குக்கூடக் குடுக்காம நாங்க ரெண்டு பேருமே சாப்பிட்டுத் தீர்க்கறோம். சண்டை போட வேண்டாம். உள்ள வாங்க."

பெரியவள் மாடிக்குப் போய் அப்பாவின் தலைமாட்டிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து வந்தாள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பையில் எப்போதும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கும். அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

"பெரிய எழுத்தைப் படிக்காதே. அது கம்பெனி வச்ச பேரு. அதுக்குக் கீழ பொடியா ஒண்ணு இருக்கும் பாரு, அதுதான் மருந்து. படி."

தம்பி நீல அட்டையைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான். நீளமான பெயர், வாயில் நுழையவில்லை.

"இப்ப பச்சை."

மறுபடியும் எழுத்துக்கூட்டினான். பாதியிலேயே குரல் தேய்ந்தது. நீலத்தை எடுத்தான், பச்சையை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணு."

"ஆமாம்."

"ஒரே மருந்தையா காலையும் ராத்திரியும்..."

"உன் டாக்டரும் என் டாக்டரும் சொன்னது ஒண்ணுதான்டா. நாமதான் அதை ரெண்டாக்கிட்டோம்."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பிள்ளைகள் இரண்டுபட்டால் மருந்துக் கடைக்குக் கொண்டாட்டம். தம்பி கல்லாப் பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றான். முரடன்தான், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா பதறிப்போனார்.

"டேய், அழாதடா. ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா!" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

பெரியவள் தெரு டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தாள். மாத்திரை இரண்டு, உப்பு இல்லை, மதியம் வரை பட்டினி, மிதப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இன்னிக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம். இப்ப உட்கார வச்சு ஏதாவது சாப்பிடக் குடுங்க, எப்பவும் சமைக்கற மாதிரி. எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருக்கட்டும். வண்டி ஓட்டவே கூடாது. மயங்கி விழுந்தா காலைவரைக்கும் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இல்லைன்னா காலையில என்கிட்ட வாங்க. வரும்போது அவர் வாயில போடற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. மாத்திரை, பொடி, சாறு, எதுவா இருந்தாலும் சரி. தனித்தனியாப் பார்த்தா ஒவ்வொண்ணும் நல்லதாத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தாத்தான் வினை தெரியும்."

"தலையணை, டாக்டர்?" என்று தம்பி அவசரமாகக் கேட்டான். "வைக்கணுமா, கூடாதா?"

"அழுத்தத்துக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியாது. அவருக்கு எப்படிச் சுகமோ அப்படிப் படுக்கட்டும். தெரிஞ்சவங்களைக் கேட்டு நாளைக்குச் சொல்றேன்."

பெரியவள் போனையே பார்த்தாள். இத்தனை வாரத்தில், பத்திரிகைக்காரர், வீடியோக்காரர், அவள், தம்பி என்று எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் படித்த டாக்டர்தான். அவர் சொன்ன மற்றதெல்லாம் அதனாலேயே அவளுக்குக் கூடுதலாக நம்பும்படி இருந்தது.

"சரி, விடுதிக்காரருக்கு என்ன பதில் சொல்றது?" என்றான் தம்பி. "நாளைக்குத் திறப்பு விழா. எனக்குக் காலையில ஷிஃப்ட். ஆஸ்பத்திரி லிஃப்ட், லீவு போட முடியாது."

"நான் ஓட்டறேன்" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா கட்டிலிலிருந்து இறங்கிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கைக்குழந்தையா இருந்தப்ப வேனை ஓட்டினது யாரு? உங்க அப்பா கட்டில் அளக்கப் போவாரு, வண்டியில நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இப்பவே போய் டீசல் போட்டுட்டு வந்துடறேன். காலையில க்யூவுல நிக்க முடியாது."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதில் எல்லோருக்கும் உடம்பு லேசானது. அம்மா அப்படித்தான். அந்த வீட்டில் அடைபட்டதையெல்லாம் திறந்துவிடுகிற ஆள். வேன் கிளம்பியது. மேலே கட்டியிருந்த வெள்ளை மெத்தைகள் சாயங்கால வெளிச்சத்தில் மஞ்சளாகி, தெருவில் மெல்ல நகர்ந்து போயின. அப்பா வாசலில் உட்கார்ந்து கையசைத்தார்.

தம்பி அடுப்பங்கரைக்குப் போய் உப்பு டப்பாவைத் தேடினான். பெரியவள், டாக்டர் சொன்னபடி எல்லாவற்றையும் போட ஒரு துணிப் பை வேண்டுமே என்று அம்மாவின் தையல் மெஷினுக்குப் போனாள். இழுப்பறையில் மிச்சத் துணியில் தைத்த சின்னப் பைகள் எப்போதும் இருக்கும்.

இழுத்தாள். பைகள் இருந்தன. நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு பச்சை அட்டையும் ஒரு நீல அட்டையும் இருந்தன.

"அப்பா, உங்க மாத்திரை அம்மா மெஷின்ல எதுக்கு?"

"என்னோடதா? என்னோடதைத்தான் நீ எடுத்துட்டு வந்து கல்லாவில வச்சிருக்கியே."

அவள் கல்லாப் பெட்டியைப் பார்த்தாள். அங்கே பச்சை ஒன்று, நீலம் ஒன்று. கையிலும் பச்சை ஒன்று, நீலம் ஒன்று. கையில் இருந்தவை பாதி காலி. மெஷினில் இன்னும் ஒரு தலையணை உறை மாட்டியிருந்தது. அதன் தையலும் கோணிக்கொண்டு, ஓரத்தை விட்டே வெளியேறியிருந்தது.

கண் நன்றாக இருக்கிறவர்களுக்கும் பக்கத்தில் இருப்பது தெரியாமல் போகும். அதற்கு எந்தச் சில்லும் கிடையாது.

"டேய்!" என்று கத்தியபடி அவள் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

வேன் வெகுதூரம் போகவில்லை. தெரு முனை வளைவில், ஓரமாக, சாய்வாக நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் சுற்றிக்கொண்டு போனார். அம்மா இறங்கவில்லை.

பெரியவள் கதவைத் திறந்தாள். அம்மா எஞ்சினை அணைத்துவிட்டு, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சாந்தமாகத்தான் இருந்தது.

"நானே ஓரங்கட்டிட்டேன், பயப்படாதே. ரோடு கொஞ்சம் மிதந்துச்சு."

"அம்மா, அந்த மாத்திரை..."

"அழுத்தம் இருந்தா தலை சுத்தும், அதுக்கு இந்த மாத்திரைன்னு நீங்க பேசிக்கிட்டீங்க. எனக்கும் அதேதானே இருக்கு, நாமும் போட்டுப் பார்ப்போமேன்னு வாங்கிட்டேன். உப்பும் நிறுத்தினேன். காலையில சாப்பிடறதில்லை. நீங்க ரெண்டு பேரும் அவருக்குச் சொன்னதையெல்லாம் நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"உனக்கு எப்பலேர்ந்து?"

"அவருக்கு முன்னாடியே. ஒரு நாள் அடுப்புக்கிட்ட விழுந்துட்டேன். எழுந்து சமைச்சு வச்சேன்."

"ஏம்மா சொல்லலை?"

அம்மா மகளைப் பார்த்தாள். குறை சொல்கிற பார்வை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

தம்பி உப்பு டப்பாவைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து நின்றான். அவனுக்குப் பின்னால், மெதுவாக எழுந்து மெதுவாக நடக்கச் சொன்னதையெல்லாம் மறந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து அப்பா வந்துகொண்டிருந்தார். அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். வலது கை வந்தது. இடது கை வர நேரமாயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்துப் பிரிந்தன.

"இந்தக் கைதான் கொஞ்ச நாளா சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. துணியை இழுத்துப் பிடிக்க வரலை. இப்பத்தான் சுத்தமா மரத்துப் போச்சு."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று இந்த முறை சண்டை வரவில்லை. "கிட்ட இருக்கறதுக்குப் போ" என்றாள் அவள். தம்பி அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிப் பின்பக்கம் மெத்தைகளுக்கு நடுவே படுக்க வைத்தான். ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். அப்பாவைத் தூக்காத குறையாகப் பக்கத்தில் உட்கார வைத்தான். பெரியவள் டாக்டருக்கு மறுபடி போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நாலு அட்டையும் அவள் மடியில் பையில் இருந்தன.

வேன் நகர்ந்தது. சுற்றிலும் வெள்ளை. மேலே திறந்த இடைவெளியில் வானம் வெளிறிக்கொண்டு கூடவே வந்தது. யாரோ யாரையோ தாலாட்டுகிற மாதிரி மெத்தைகள் மெல்ல ஆடின. விடுதிக்குப் போகவேண்டிய தலையணைகள் ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. அம்மா அவற்றை வலது கையால் தொட்டாள்.

"தலைக்கு ஒண்ணு வச்சுக்கட்டுமா, வேண்டாமா?"

முன்னாலிருந்து அப்பா திரும்பிப் பார்த்தார். தம்பி கண்ணாடியில் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று வாரமாகப் பதிலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

"தெரியலைம்மா" என்றாள் பெரியவள். போனில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் மரத்த விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "கேட்டுட்டு வச்சுக்கலாம். அதுவரைக்கும் நீ சொல்லு. முதல் தடவை விழுந்தப்ப என்ன ஆச்சு?"

அம்மா சொல்லத் தொடங்கினாள்.